சுபிதாவின் குடும்பப் பெயர்

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அடுத்தவர் தாளை வாசிக்காமல் ஜெராக்ஸ் எடுக்க என்னால் முடியாது. இரணியல் ஸ்டேஷன் ரோட்டில் பதினெட்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். பெத்தேல் ஜெராக்ஸ் ராகேல் என்றால் பஸ்ஸில் வருகிறவர்கள்கூட வழி சொல்வார்கள். ஆதார், பட்டா, ஜாதகம், வக்கீல் நோட்டீஸ் என்று இந்த ஊரின் பாதிக் கதை என் மெஷின் கண்ணாடியில் குப்புறப் படுத்து எழுந்ததுதான். சுவரில் ஒரு போர்டும் மாட்டியிருந்தேன்: ‘உங்கள் ஆவணங்கள் அன்றே கணினியிலிருந்து அழிக்கப்படும்.’ அந்தப் போர்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் சுபிதா.

சுபிதாவுக்கு முப்பத்தாறு வயது. என் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. கணவன் அபிலாஷுக்குக் கருங்கல் சந்தையில் வாழைக்குலை வியாபாரம். ஒரே மகள், ஒன்றாம் வகுப்பு. அபிலாஷ் விடியும் முன்னே சந்தைக்குப் போய்விடுவான். பிள்ளையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு, சுபிதா கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். எந்தக் கம்பெனியிலும் அவள் நிரந்தரமாக இல்லை. ஒருவருக்கு ஆறு மாதம், இன்னொருவருக்கு ஒன்பது மாதம் என்று ஒப்பந்தத்துக்கு வேலை பார்ப்பாள். என்ன வேலை என்று முதல் நாளே கேட்டுவிட்டேன். கேட்காமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

“பெரிய கம்பெனிக்காரன் பழைய கம்ப்யூட்டர்ல உள்ள விவரத்த எல்லாம் புதுசுக்கு மாத்துவான் அக்கா. வீடு மாறும்போ பாத்திரம் எண்ணுவோம்லா, அதுபோல ஒண்ணும் தொலையாம எண்ணி வைக்கது நானாக்கும்” என்றாள்.

அவள் என் கடைக்கு அடிக்கடி வர ஆரம்பித்தது ஜூன் மழையில். தென்னை மட்டை விழுந்து அவள் தெருவில் கேபிள் அறுந்துவிட்டது. மூன்று நாளில் சரியாகும் என்றார்கள், மூன்று வாரம் ஆனது. என் கடையின் பின்னறையில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க நீலத்துணி கட்டியிருப்பேன். இன்வெர்ட்டரும் நல்ல நெட்டும் உண்டு. அங்கே லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவள் வேலை தேடினாள். கடைசி ஒப்பந்தம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

தேடினாள் என்று நான் சொல்கிறேனே தவிர, தேடியது ஏஜெண்டுகள்தான். எங்கள் பக்கத்தில் ஏஜெண்ட் என்றால் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு கல்ஃபுக்கு ஆள் அனுப்புகிறவர். இவர்கள் வேறு ரகம். நேரில் வரவே மாட்டார்கள். காலை பத்து மணிக்கு போன் அடிக்கத் தொடங்கினால் சாயங்காலம் வரை ஓயாது.

“அக்கா, இவன் ஆறாவது ஆளு. ஒரே வேலைக்கு ஆறு பேரு போன்ல விளிக்கான்” என்று ஒருநாள் சிரித்தாள்.

“எந்தக் கம்பெனிட்டி?”

“அத சொல்ல மாட்டான்.”

“பேரு சொல்லாத கம்பெனிக்கா ஒன்ன அனுப்புகான்?”

“சொன்னா நான் நேரா போயிருவேனாம். இல்லேன்னா அடுத்த ஏஜெண்டுகிட்ட சொல்லிருவேனாம்.”

எனக்கு ருசி பிடித்துவிட்டது. மாப்பிள்ளை வீடு எங்கே என்று சொல்லாமலே பெண் போட்டோ கேட்கிற தரகர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆறு தரகர் ஒரே மாப்பிள்ளைக்கு ஒரே பெண்ணைக் கேட்டு, அந்த ஆறு பேரும் ஒருவரை ஒருவர் அறியாமல் இருப்பது புதுசு. சுபிதா ஒரு நோட்டில் ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் பட்டப்பெயர் எழுதி வைத்திருந்தாள். மூச்சு விடாதவன், டியர்காரி, கட் பண்ணி விளிக்கிறவன் என்று போகும். எல்லோரும் கேட்பது நாலே கேள்வி: எத்தனை வருஷ அனுபவம், எப்போது சேரலாம், என்ன சம்பளம், வேறு யாராவது உங்களை ஏற்கெனவே அனுப்பிவிட்டார்களா.

கடைசிக் கேள்வியில்தான் உயிர் இருக்கிறது என்று அவள் விளக்கினாள். ஒரு வேலைக்கு ஒரு ஆளை ஒரு ஏஜெண்ட்தான் அனுப்பலாம். இரண்டு பேர் அனுப்பினால், கமிஷன் யாருக்கு என்று சண்டை வரும். அதற்குப் பயந்து கம்பெனி அந்த ஆளையே ஒதுக்கிவிடும். அதனால் ஒவ்வொரு ஏஜெண்டும் முதலில் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பான்: இந்த வேலைக்கு என்னை அனுப்பும் உரிமை உங்களுக்கு மட்டும்.

கம்பெனிப் பெயரை மறைத்தாலும் சுபிதா துப்புத் துலக்கிக் கண்டுபிடிப்பாள். எந்த நேரத்துக்கு மீட்டிங், எந்த சாப்ட்வேர், எந்த மாதம் லீவு என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு, “பெல்ஜியம் பேங்க் அக்கா” என்பாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். அவள் ஒவ்வொன்றாக ஊகிப்பதை மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஜெராக்ஸுக்கு வந்தவர்கள் திட்டுவார்கள்.

ஜூன் எட்டாம் தேதி, திங்கள். கொச்சியிலிருந்து ரெஜிஷா என்றொரு ஏஜெண்ட் விளித்தாள். நெதர்லாந்தில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி, ஒரு வருஷ ஒப்பந்தம், வீட்டிலிருந்தே வேலை. நிதானமாகப் பேசினாள். சுபிதாவுக்குப் பிடித்துவிட்டது. உரிமைத் தாளோடு ஒரு படிவமும், டிகிரி சர்டிபிகேட்டும் கேட்டாள். அதே நேரம் பள்ளியிலிருந்து போன், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று. சுபிதா தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, “படிவத்த நீங்களே நிரப்பி ஒங்க மெயில்ல அனுப்பிருங்க அக்கா” என்று குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

படிவத்தில் முதல் கட்டம் பெயர். இரண்டாவது கட்டம் குடும்பப் பெயர். நம் ஊரில் யாருக்கு அது இருக்கிறது? அந்தக் கட்டத்தை விட்டுவிட்டால் படிவம் நகராது, சிவப்பாக எரியும். பதினெட்டு வருஷமாக நான் கைக்கொள்ளும் வழி ஒன்றுதான்: கூட வைக்கிற சர்டிபிகேட்டில் என்ன இருக்கிறதோ அதைப் போடு. டிகிரியில் இ. சுபிதா. அப்பா பெயர் இசக்கி. சுபிதா இசக்கி என்று அடித்து அனுப்பினேன்.

மறுநாள் செவ்வாய், நொய்டாவிலிருந்து வருண் என்று ஒருவன். நோட்டில் மூச்சு விடாதவன் என்று இருப்பவன் அவன்தான். ஐரோப்பாவில் ஆஸ்பத்திரிச் செலவு விவரங்களை மாற்றும் வேலை என்றான். மூன்று கேள்வி கேட்க சுபிதாவுக்கு அன்று பொறுமையில்லை. முந்தின நாள் சொன்னது இன்சூரன்ஸ், இது ஆஸ்பத்திரி, வேறு வேலைதான் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டாள். இவன் கேட்டது பாஸ்போர்ட். அதில் கல்யாணத்துக்குப் பிறகு கணவன் பெயர் சேர்ந்திருந்தது. சுபிதா அபிலாஷ் என்று அடித்து அனுப்பியதும் நான்தான்.

அடுத்த வாரம் இன்னொரு வழியும் திறந்தது. பெங்களூரில் ஒரு கம்பெனி நிரந்தர வேலை கொடுத்தது. நல்ல வேலை. ஆனால் வாரம் ஐந்து நாளும் ஆபீஸில் இருக்க வேண்டும். அபிலாஷ் கருங்கல் சந்தையை விட்டுவிட்டுப் போக முடியாது. பிள்ளையைக் கூட்டிப்போய் அங்கே யாரிடம் விடுவது? வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் நெதர்லாந்து கிடைத்தால் வீட்டில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் பிள்ளையை விட்டுவிட்டு ரயில் ஏற வேண்டும். அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவாள் என்று தெரிந்தது.

புதன்கிழமை மழையில் நனைந்துகொண்டே வந்தாள். லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். இரண்டு மெயில். இரண்டும் நேர்காணல் அழைப்பு. ஒரே கம்பெனி, ஒரே வேலை, கேள்வி கேட்கப்போகிறவரும் ஒருவரே. வியாழன் இரண்டரை மணிக்கு சுபிதா இசக்கி. நாலு மணிக்கு சுபிதா அபிலாஷ்.

ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுக்கிற இன்சூரன்ஸ் கம்பெனி. இரண்டு ஏஜெண்டும் பொய் சொல்லவில்லை, பாதி பாதி சொல்லியிருக்கிறார்கள். பெயர் வேறாக இருந்ததால் கம்பெனியின் கம்ப்யூட்டர் இரண்டு பெண்கள் என்று நம்பிவிட்டது. அப்படி நம்பவைத்தது என் விரல்.

“இன்னும் கேளுங்க” என்றாள் சுபிதா. நாலு மணி மெயிலோடு, வருண் கம்பெனிக்கு அனுப்பிய விவரத்தாளும் இருந்தது, அதைத் திறந்தாள். அதில் அவளுக்குப் பன்னிரண்டு வருஷ அனுபவம். அவள் வேலை பார்த்ததோ எட்டு வருஷம். தொட்டே பார்க்காத இரண்டு சாப்ட்வேரையும் சேர்த்திருந்தான்.

“இந்தப் பாவிப்பய ஒன்னக் கேட்டானா?”

“கேக்கல்ல. இப்போ விளிச்சுக் கேட்டா, ரெண்டுக்கும் போங்க, துணிய மாத்திக்கிடுங்க, ரெண்டாவதுக்குக் கேமரா கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்கன்னு சொல்லுகான்.”

ரெஜிஷாவுக்கும் போன் போட்டிருக்கிறாள். அவள், உள்ளதைச் சொல்லிவிடு, என் கமிஷன் போனால் போகட்டும் என்றாளாம்.

அந்த நேரத்திலும் என் குணம் சும்மா இருக்கவில்லை. “ஏட்டி, எட்டு வருஷ சுபிதாவையா, பன்னெண்டு வருஷ சுபிதாவையா, யார அவங்களுக்குப் புடிக்கும்?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் கோபப்படவில்லை. “எனக்கும் அதுதான் அறியணும் அக்கா” என்றாள்.

வியாழன் இரண்டரை மணி. நீலத்துணிக்கு முன்னால் அவள் உட்கார்ந்தாள். நான் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். டைப் அடித்து அடித்து எனக்கு இங்கிலீஷ் புரியும். அந்தப் பக்கம் நரைத்த தலை அம்மா ஒருத்தி. வணக்கம் சொல்லி முடித்ததும் சுபிதாவே ஆரம்பித்தாள். நாலு மணிக்கு வரவேண்டியவளும் நான்தான். எட்டு வருஷம்தான் என் அனுபவம். மற்றத் தாளில் உள்ளது நான் எழுதியதல்ல.

அந்த அம்மா கேட்டாள், இரண்டில் எது உன் குடும்பப் பெயர்?

“இரண்டும் இல்லை. ஒன்று என் அப்பா, ஒன்று என் கணவர். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது” என்றாள் சுபிதா.

“அப்படியென்றால் உன் பெயர்?”

“சுபிதா.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அந்த அம்மா சிரித்தாள். அதன்பின் முக்கால் மணி நேரம் வேலையைப் பற்றிக் கேட்டாள். சுபிதா பதில் சொல்லச் சொல்ல அவள் குரலில் தைரியம் ஏறுவது எனக்கே கேட்டது. கடைசியில் அந்த அம்மா, உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது என்றாள். முதலில் யாரிடம் கையெழுத்துப் போட்டாயோ அந்த ஏஜெண்ட் வழியாகத்தான் உன்னை எடுக்க முடியும். அது பொய்த்தாள் அனுப்பியவராக இருந்தால் எடுக்கவே முடியாது. இரண்டு பேரிடமும் தாளைக் கேட்கிறேன்.

திங்களில் ரெஜிஷா, செவ்வாயில் வருண். பிரச்சினை தீர்ந்தது என்று நான் சுக்குக்காப்பி போட்டேன். குடித்து முடிக்கும் முன்னே மெயில் வந்தது. ரெஜிஷாவின் தாளில் ஜூன் எட்டு. வருணின் தாளில் ஜூன் ஐந்து.

மற்ற ஏஜெண்டை முந்திக்கொள்ள, நாலு நாள் முந்திய தேதியை அவன் அச்சடித்தே அனுப்பியிருக்கிறான். அன்று பொறுமையில்லாமல் சுபிதா கையெழுத்து மட்டும் போட்டாள். அதைப் படித்த நான் தேதியைக் கவனிக்கவில்லை. ஊரார் தாளையெல்லாம் எழுத்து விடாமல் வாசிக்கிறவளுக்கு அன்று மட்டும் கண் பொட்டையாகிவிட்டது. ஐந்தாம் தேதி கையெழுத்துப் போடவில்லை என்பதற்கு ஆதாரம் இருந்தால் நாளை மூன்றரைக்குள் அனுப்பு என்று அந்த அம்மா எழுதியிருந்தாள்.

“நீங்க வருணுக்கு அனுப்பின மெயில் இருந்தாப் போதும் அக்கா. ஒம்பதாம் தேதின்னு அதுல இருக்கும்” என்றவள், சுவரைப் பார்த்தாள். “அன்னைக்கே அழிச்சிருப்பீங்க.”

நானும் போர்டைப் பார்த்தேன்.

“ஆமா மக்கா, அழிச்சாச்சு” என்றேன்.

அது பொய். ஒரு தாளைக்கூட நான் அழித்ததில்லை. ‘பழையது’ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ஆள் ஆளாகப் பெயர் போட்டு எல்லாம் இருக்கிறது. யாருக்கும் காட்டியதில்லை, யாரிடமும் வாய் திறந்ததில்லை. ஆளில்லாத மத்தியானங்களில் சும்மா திறந்து வாசிப்பேன். யார் எந்த நிலத்தை விற்றார்கள், யாருக்கு என்ன நோய், யார் யாருக்கு நோட்டீஸ் விட்டார்கள் என்று. அதைச் சொன்னால் நாளைக்கு என் கடைப்படி யார் ஏறுவார்கள்?

சுபிதா குடையை மறந்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அபிலாஷ் அந்தக் குடையை எடுக்க வந்தான். சந்தைக்குப் போகவில்லையா என்றேன்.

“இல்லக்கா. பெங்களூருக்கு சரின்னு சொல்லப் போறா. பிள்ளைய நான் பாத்துக்கிடுவேன்.” குடையை விரித்துப் பார்த்துவிட்டு மடக்கினான். “சோறெல்லாம் வைப்பேன். தலை பின்னத்தான் எனக்கு அறியாண்டாம். இன்னைக்குக் காலையில அவ சொல்லித் தந்தா. ரெண்டு மட்டம் பின்னிப் பாத்தேன், நிக்க மாட்டேங்குது.”

அவன் போன பிறகு என்னால் உட்கார முடியவில்லை. வாழைக்குலை தூக்குகிற அந்தப் பெரிய கையில் சின்ன ரிப்பன் கண்ணுக்கு முன்னால் நின்றது. பத்தரை மணிக்கு சுபிதாவுக்கு விளித்தேன். “ஏட்டி, இஞ்ச வா. லேப்டாப்ப எடுத்துக்கிட்டு வா.”

வந்தவளிடம் அனுப்பிய மெயிலைக் காட்டினேன். ஜூன் ஒன்பது, மாலை நாலு நாற்பது. கூடவே, கையெழுத்தில்லாத காலித்தாளை வருண் என் மெயிலுக்கு அனுப்பியதும் இருந்தது. அதுவும் அன்று மூன்று மணிக்கு. அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. இரண்டையும் கம்பெனிக்கு அனுப்பினாள். பிறகு நீலத்துணிக்கு முன்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலரை மணிக்குப் பதில் வந்தது. ரெஜிஷா வழியாக ஒரு வருஷ ஒப்பந்தம். பத்து நாள் கழித்து வருகிற திங்களில் சேரலாம். ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பெங்களூருக்கு வரவில்லை என்று எழுதினாள். அபிலாஷுக்குப் போன் செய்து, “நான் போகல்ல” என்றாள். அந்தப் பக்கம் என்ன கேட்டதோ, அழுதாள். நானும் அழுதேன்.

எழுந்து போகும்போதுதான் கேட்டாள். “எனக்க தாளெல்லாமும் இருக்கா அக்கா?”

இருக்கிறது என்றேன்.

“காட்டுங்க.”

ஃபோல்டரைத் திறந்தேன். சுபிதா என்ற பெயரில் நாற்பத்தொரு ஃபைல். அவளே மவுஸைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். டிகிரி, ரேஷன் கார்டு, வீட்டு வாடகைப் பத்திரம். ஒன்றில் கை நின்றது. இரண்டு வருஷத்துக்கு முந்திய ஸ்கேன் ரிப்போர்ட். நாலாம் மாதத்தில் போய்விட்ட இரண்டாவது பிள்ளை. இன்சூரன்ஸுக்கு அனுப்ப நகல் எடுக்க வந்தது. அபிலாஷைத் தவிர ஊரில் யாருக்கும் தெரியாது என்று அவள் நினைத்திருந்தாள்.

“நீங்க அப்பவே அறிவீங்களா?”

“அறிவேன்.”

“அதான் அன்னைக்கு எங்கிட்ட பைசா வாங்கல்லியா?”

நான் தலையாட்டினேன். ஜெபத்தில் பெயர் சொல்லாமல் உனக்காக வேண்டினேன் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் நாற்பத்தொன்றையும் அழித்தாள். எழுந்து, நனையாத குடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். எப்போதும் சொல்லும் ‘போய்வாறேன் ராகேல் அக்கா’வை அன்று சொல்லவில்லை.

மறுநாள் சனிக்கிழமை கடையைத் திறக்காமல் மற்ற எல்லோருடையதையும் அழித்தேன். ஒரு முழு நாள் ஆனது. ஒன்றையும் திறக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனாலும் திறக்கவில்லை. போர்டு அப்படியே இருக்கிறது. இப்போது அது உண்மை.

ஒரு வாரம் சுபிதா வரவில்லை. கேபிளைச் சரி செய்துவிட்டார்கள், இனி வரவே மாட்டாள் என்று நினைத்தேன். ஒரு மத்தியானம் பென்டிரைவோடு வந்தாள். ஒப்பந்தத்தைப் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்ய வேண்டுமாம். “நானே எடுத்துக்கிடுகேன் அக்கா” என்றாள். நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்து நின்றேன். பின்னால் மெஷின் பன்னிரண்டு முறை ஓடியது. எண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை.

எல்லாவற்றையும் கவரில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அந்தக் குடும்பப் பேரு கட்டம் இதுலயும் இருந்துது அக்கா. இந்த மட்டம் நானே நிரப்பினேன்.”

“சரி மக்கா.”

“என்ன போட்டேன்னு கேக்கல்லியா?”

அப்பா பெயரா, கணவன் பெயரா, தன் பெயரையே இரண்டு முறை எழுதினாளா, அல்லது நான் நினைக்காத ஏதாவதா? அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பு கிட்டத்தில் இருந்தது.

“கேக்கல்ல” என்றேன்.

“செரி, போய்வாறேன் ராகேல் அக்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள். என்ன போட்டாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.